கருவறையும் திருமறையும்: கருக்கலைப்பைக் குறித்த மறைநூல் வாதங்கள் பற்றி ஒரு திறனாய்வு

1. பொருளும் நோக்கமும்

கருக்கலைப்பைக் குறித்து நம் பிரசங்க பீடங்களில் ஒலிக்கும் கருத்துகளையும், சபை மக்களிடையே வழங்கப்பெறும் துண்டுப் பிரசுரங்களையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். அவற்றில் எடுத்தாளப்படும் வசனங்களின் தெரிவும், அவை அடுக்கப்படும் முறையும், எதிராளியாக நிறுத்தப்படும் கூட்டத்தாரும் பெரும்பாலும் அமெரிக்க நாட்டினின்று வந்தவையே. 1973-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும், 2022-ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியதையும் சூழ்ந்தெழுந்த வழக்கு அது. வழக்கு அவர்களுடையது; வசனங்களோ நமக்கும் உரியவை. அவ்வசனங்கள் நம் மண்ணில் யாரை நோக்கிப் பேசுகின்றன என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை.

நம் மண்ணின் நிலை வேறு. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆண்மக்கள் ஆயிரவருக்குப் பெண்மக்கள் எத்துணையர் என்று எண்ணியபோது, தமிழகத்தின் சராசரி 943 என வந்தது. கடலூர் மாவட்டத்திலோ அவ்வெண் 900-க்கும் கீழே இறங்கியிருந்தது. மனிதர் தலையிடாதவிடத்து அது ஏறக்குறைய 950 அளவில் நிற்கவேண்டும். 1980-களிலும் 1990-களிலும் உசிலம்பட்டி, சேலம், தர்மபுரி ஆகிய பகுதிகளே பெண்சிசுக் கொலைக்காகப் பேசப்பட்டன. வெள்ளாற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் வட்டாரத்தார் அது மேற்கே நடப்பது என்று எண்ணியிருந்தனர். 2011-இல் அவ்வெண்ணம் பொய்த்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-இல் கடலூர் மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது.

ஆகவே கருக்கலைப்பின் ஒழுக்கநிலையை ஆராய முற்படும் தமிழ் ஆயருக்கு முன் இரண்டு கடமைகள் உள்ளன. நாம் கையாளும் வசனங்கள் நாம் சுமத்தும் பாரத்தைத் தாங்குமா என்று சோதித்தறிவது ஒன்று. அவற்றுள் எவை நம் ஊரை நோக்கிப் பேசுகின்றன என்று கேட்டறிவது மற்றொன்று. இக்கட்டுரை இவ்விரண்டையும் சுருக்கமாக முயல்கின்றது.

2. ஒரே ஒரு சட்டப் பகுதி

கருவிலுள்ள உயிரின் அழிவைச் சட்டமாகப் பேசும் மறைநூற்பகுதி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது யாத்திராகமம் 21:22-25. ஆடவர் சண்டையிடுகையில் கர்ப்பவதி ஒருத்தி அடிபடுகின்றாள். அவள் பிள்ளை வெளிவந்துவிடுகின்றது. வேறு சேதம் இல்லையாயின் அடித்தவன் தண்டம் கொடுக்கவேண்டும். சேதம் உண்டாயின் உயிருக்கு உயிர், கண்ணுக்குக் கண் என்ற அளவில் தீர்ப்பு.

இப்பகுதியைப் பொருள்கொள்வதில் இரு சாரார் உளர். வெளிவருதல் என்பது கருச்சிதைவு என்றும், சேதம் என்பது தாய்க்கு நேர்வது என்றும் கொள்வோர் ஒரு சாரார். அங்ஙனமாயின் கருவின் இழப்புக்குத் தண்டப்பணமும், தாயின் இழப்புக்கு உயிர்த்தண்டனையும் விதிக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே நிலையின அல்ல என்றாகும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் இவ்வாறே கொண்டது. வெளிவருதல் குறைமாதப் பிறப்பே என்றும், சேதம் தாய்க்கோ சேய்க்கோ யாருக்கு நேரினும் தண்டனை ஒன்றே என்றும் கொள்வோர் மறுசாரார். எபிரேய மொழியில் கருச்சிதைவைக் குறிக்க 'ஷாகோல்' என்ற தனி வினை இருக்க (யாத். 23:26), இங்கே வெளியேறுதலைக் குறிக்கும் பொதுவினையே ஆளப்பட்டுள்ளது என்பது இவர்தம் முதன்மையான சான்று. ஆயினும் அதே பொதுவினை எண்ணாகமம் 12:12-இல் செத்துப் பிறக்கும் பிள்ளையைக் குறித்தும் வருகின்றது. மேலும், அடிபட்டுக் குறைமாதத்தில் வெளிவந்த பிள்ளை பிழைப்பது அக்காலத்தில் அரிதினும் அரிது. சேதம் எனப் பொருள்படும் 'ஆசோன்' என்ற சொல்லோ, இவ்விடம் தவிர, பென்யமீனுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று யாக்கோபு அஞ்சும் கதைப்பகுதியில் மட்டுமே காணப்படுகின்றது. சொல்லாராய்ச்சி மட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி நோக்கத்தக்கது. 1970-களின் நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் கருச்சிதைவு என்று இருந்த இடம், 1995-ஆம் ஆண்டின் திருத்தத்தில் குறைமாதப் பிறப்பு என மாற்றப்பட்டது. மொழியறிவு வளர்ந்தமையால் நேர்ந்த மாற்றமே என்று ஒருவர் கூறலாம். ஆனால் அவ்விடைக்காலத்திலேதான் அந்நாட்டில் அரசியல் வழக்கு சூடேறியது என்பதையும் மாணவர் மறத்தலாகாது. எதிர்த்திசையிலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு, சேதம் என்னும் சொல்லின் இடத்தில் 'உருவம் பெறாத', 'உருவம் பெற்ற' என்ற வேறுபாட்டைப் புகுத்தியது. எபிரேய மூலத்தில் இல்லாத அவ்வேறுபாடு அகுஸ்தீன் வழியாக மேலைத் திருச்சபையில் நூற்றாண்டுகள் பல நிலைபெற்றது. மொழிபெயர்ப்போர் தம் காலத்து அறிவை மூலத்திற்குள் ஏற்றி வாசித்தனர் என்பதே இரண்டிடத்தும் காணும் பாடம்.

சுற்றியிருந்த நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டால் இப்பகுதியின் தனித்தன்மை விளங்கும். அமுராபியின் சட்டத்தொகுப்பில், ஒருவன் உயர்குடிப் பெண்ணை அடித்துக் கருச்சிதைவு உண்டாக்கினால் பத்துச் சேக்கல் வெள்ளி கொடுக்கவேண்டும். அப்பெண் இறந்துவிட்டாலோ அடித்தவனுடைய மகள் கொல்லப்படவேண்டும். தந்தை செய்த குற்றத்திற்கு மகள் உயிரிழப்பாள். இசரவேலின் சட்டம் இதனை ஏற்கவில்லை, அடித்தவனே பொறுப்பாளி (உபா. 24:16 காண்க). இடைக்கால அசீரியச் சட்டமோ, தன் கருவைத் தானே கலைத்த பெண்ணைக் கழுவேற்றி, அடக்கமும் மறுக்கச் சொன்னது. இத்தகைய சட்டம் மோசேயின் ஆகமங்களில் எங்கும் இல்லை. இல்லாமையைக் கொண்டு கருக்கலைப்புக்கு இசைவு என்று முடிவுகட்டுதல் தவறு. ஆயினும் பெண்ணைக் கழுவேற்றும் மனப்பான்மைக்கு மறைநூலில் ஆதாரம் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

இவ்வாராய்ச்சியெல்லாம் ஒருபுறமிருக்க, இப்பகுதி வெளிப்படையாகக் கூறும் செய்தியை இரு சாராருமே கடந்து போய்விடுகின்றனர். இது கருவைக் கலைத்த பெண்ணுக்கு இடப்பட்ட சட்டம் அன்று. கர்ப்பவதியை அடித்த ஆடவனுக்கு இடப்பட்ட சட்டம். குடித்துவிட்டு வந்து சூலியை உதைக்கும் கணவன் நம் சபைகளில் இல்லையென்று எந்த ஆயரும் துணிந்து கூறவியலாது. ஆடவரை நியாயந்தீர்க்கக் கொடுக்கப்பட்ட வசனத்தைப் பெண்டிரை நியாயந்தீர்க்கவே நாம் பயன்படுத்துகிறோம் என்பது நம் விளக்கமுறையின் பெருங்குறை.

3. கவிதையும் அழைப்பும் புலம்பலும்

அடிக்கடி எடுத்தாளப்படும் பிற பகுதிகள் சட்டப் பகுதிகள் அல்ல. சங்கீதம் 139:13-16 ஒரு துதிப்பாடல். இறைவனின் கண்ணுக்குத் தப்ப இயலாத ஒருவன், தாயின் வயிற்றில் உருவற்ற நிலையிலும் தான் காணப்பட்டிருந்ததை வியந்து பாடுகின்றான். எத்தனையாவது வாரத்தில் மனித ஆள்தன்மை தொடங்குகின்றது என்ற வினாவுக்கு அது விடையளிக்கவில்லை. கருவிலுள்ளது யாருடையது என்ற வினாவுக்கோ ஐயத்திற்கு இடமின்றி விடையளிக்கின்றது. எரேமியா 1:5 தீர்க்கதரிசியின் அழைப்பைக் கூறுவது. தாய் வயிற்றில் உருவாகுமுன்னரே அறியப்பட்டதை அது பேசுகின்றது. அதனை உடற்கூற்றுச் செய்தியாக எடுத்துக்கொண்டால், கருவுருவாகுமுன்பே ஆள் இருந்தான் என்று கொள்ளவேண்டிவரும். திருச்சபை அதனை ஒருபோதும் போதித்ததில்லை.

அதே எரேமியா, தான் கருவிலேயே கொல்லப்படாமற் போனதற்காகப் புலம்புகின்றார் (20:17). தன்னைப் பாலைப்போல் வார்த்து உறையச்செய்து உருவாக்கினவர் இறைவன் என்று அறிக்கையிடும் யோபு, அதே அதிகாரத்தில், பிறவாமலே இருந்திருக்கலாகாதா என்று கேட்கின்றார் (10:8-19). அகாலப் பிண்டம் அவனிலும் பாக்கியமுடையது என்று பிரசங்கி ஒரு மனிதனைக் குறித்துச் சொல்லுகின்றார் (6:3). இப்பகுதிகளை எந்தப் பிரசுரமும் எடுத்தாள்வதில்லை. இவை கருக்கலைப்புக்கு இசைவளிப்பன அல்ல. ஆனால் வாழ்வே பாரமாகிப்போன ஒருவர் பேசும் பேச்சுக்கும் மறைநூலில் இடமுண்டு என்பதை இவை காட்டுகின்றன. ஆயர் அறையில் வந்து அழும் பெண்ணுக்குச் சங்கீதத்தை மட்டும் படித்துக்காட்டி, யோபுவை மூடிவைக்கும் போதகர் மறைநூலின் பாதியையே அறிந்தவராவார்.

எதிர்த்தரப்பாரின் வாதங்களும் இத்தகைய சோதனைக்கு நிற்பன அல்ல. ஆதாம் மூச்சூதப்பட்டபின்னரே உயிருள்ளவனானான் (ஆதி. 2:7) என்பதால் மூச்சுவிடும்வரை சிசு உயிரன்று என்பர் சிலர். மண்ணினின்று வனையப்பட்ட முதல் மனிதன் தாயின் வயிற்றில் இருந்தவன் அல்லன்; அக்கதை கருவைப் பற்றியதே அன்று. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்துக் கசப்பான நீரின் சடங்கு இறைவனே விதித்த கருக்கலைப்பு என்பர் வேறு சிலர். அப்பெண் கர்ப்பவதி என்று அப்பகுதி கூறவில்லை. குற்றமற்றவளாயின் கர்ப்பந்தரிப்பாள் என்றே கூறுகின்றது (5:28). வசனத்தை வளைப்பது ஒரு தரப்பாருக்கு மட்டும் உரிய குற்றமன்று.

4. தொன்மைத் திருச்சபையின் குரல்

அங்ஙனமாயின் மறைநூல் இதனைக் குறித்து ஒன்றும் கூறவில்லையா? தொன்மைத் திருச்சபை அவ்வாறு எண்ணவில்லை. பன்னிரு அப்போஸ்தலர் போதனை எனப்படும் தீதகேயும், பர்னபாவின் பெயரால் வழங்கும் நிருபமும், கருவை அழித்தலையும் பிறந்த சிசுவைக் கொல்லுதலையும் ஒருசேர விலக்கின. இரண்டாம் நூற்றாண்டில் அத்தெனகோராவும் அவ்வாறே எழுதினார். அவரையடுத்துத் தெர்த்துல்லியனும் எழுதினார். ஆதாரமாக ஒரு தனி வசனத்தை நாடாமல், உயிர் இறைவனுடையது என்ற முழுமறைநூலின் அறிக்கையினின்று அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர்.

அவர்கள் எத்தகைய உலகில் நின்று இதனைக் கூறினர் என்பது நமக்கு இன்றியமையாதது. கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்திய நாணற்புல் தாள் ஒன்று கிடைத்துள்ளது. வேலைநிமித்தம் வெளியூர் சென்ற ஒருவன் கருவுற்ற தன் மனைவிக்கு எழுதிய கடிதம் அது. ஆண் பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிறந்தால் வெளியே போட்டுவிடு என்பது அதன் செய்தி. அன்பான விசாரிப்புகளுக்கு நடுவே அச்செய்தி இயல்பாக எழுதப்பட்டுள்ளது. கருவையும் சிசுவையும் சேர்த்து எண்ணிய தொன்மைத் திருச்சபை, இந்த உலகத்தை நோக்கியே பேசிற்று. அமெரிக்க நீதிமன்ற வழக்கைக் காட்டிலும் அக்கடிதம் நமக்கு நெருங்கியது.

திருச்சபையின் இரக்கமும் அன்றே தொடங்கிவிட்டது. 314-ஆம் ஆண்டின் அன்கிரா சங்கம், இத்தகைய பெண்களை மரணபரியந்தம் விலக்கிவைத்த முந்தைய விதியைக் கடுமையென்று கண்டு, பத்தாண்டுத் தவக்காலமாகக் குறைத்தது. நம் காலத்தில் கார்ல் பார்த், உயிருக்கு எதிரே உயிர் நிற்கும் எல்லைநிலையில் அரிய விதிவிலக்குக்கு இடமளித்தார். போன்கோபர் கருவழித்தலைக் கொலையென்றே கூறியபோதும், வறுமையாலும் நிர்ப்பந்தத்தாலும் அது நேருமிடத்துக் குற்றம் தனியொருத்தியைவிடச் சமுதாயத்தையே சாரக்கூடும் என்று எழுதினார். கடுமையான தீர்ப்பும் விரிந்த பொறுப்பும் ஒரே எழுத்தாளரிடத்து அமைந்திருப்பது நாம் பின்பற்றத்தக்க முறையாகும்.

5. நம் ஊரை நோக்கிப் பேசும் பகுதிகள்

கடலூர் மாவட்டத்தின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மறைநூலைத் திறப்போமாயின், பிரசுரங்கள் காட்டாத பகுதிகள் முன்வந்து நிற்கும்.

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் பார்வோன் மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிடுகின்றான்: ஆணைக் கொல்லுங்கள், பெண்ணை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் கட்டளை தலைகீழாயிற்று. கட்டளையிடுபவனும் அரண்மனையில் இல்லை, வீட்டுத் திண்ணையில் இருக்கின்றான். மருத்துவச்சியின் பிரசவ அறையைவிட ஸ்கேன் அறை முந்திக்கொண்டது. பிறக்கும் பிள்ளையின் பாலைக் கண்டறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியுள்ளது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஆயினும் சொல்லாமற் சொல்லும் வழிகள் பல. சிப்பிராளும் பூவாளும் அரசனுக்கு அஞ்சாமல் தேவனுக்கு அஞ்சினர். அவர்கள் பெயரை மறைநூல் காத்துவைத்தது, பார்வோன் பெயரையோ கூறவில்லை. செவிலியரும் மருத்துவரும் மிகுந்த சபைகள் நம்முடையவை. அவர்களை நோக்கி இப்பகுதியிலிருந்து எத்தனை அருளுரைகள் செய்துள்ளோம்?

எசேக்கியேல் 16-ஆம் அதிகாரம், பிறந்த நாளிலேயே கொப்பூழ் அறுக்கப்படாமல், கழுவப்படாமல், இரங்குவாரின்றி வயல்வெளியில் எறியப்பட்ட பெண்சிசுவைக் காட்டுகின்றது. வழிச்சென்ற இறைவன், இரத்தத்தில் கிடந்த அவளைப் பிழைத்திரு என்கின்றார். எருசலேமுக்கு உவமையாகக் கூறப்பட்ட இக்கதையின் முழுவிளக்கத்தில் இடர்ப்பாடுகள் உண்டு. அதன் பிற்பகுதியிலுள்ள தண்டனைச் சித்திரங்களைப் பெண்டிர் வேதனையோடேயே வாசிப்பர். ஆயினும் எறியப்பட்ட பெண்மகளை நோக்கி இறைவன் கூறிய முதற்சொல் வாழ்வைக் குறித்தது என்பது மாறாது. அரசு வைத்த தொட்டில் எறிதலுக்கு மாற்றுவழியை மட்டும் தந்தது. எறிவோர் ஏன் எறிகின்றனர் என்ற வினா தொட்டிலுக்கு வெளியே நிற்கின்றது. அவ்வினாவுக்கு விடைகூறவேண்டியது சபை.

லூக்கா தம் இரு நூல்களிலும் 'பிரெபோஸ்' என்ற ஒரு கிரேக்கச் சொல்லைக் கையாளுகின்றார். எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளை பிரெபோஸ் (1:41). முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளையும் அதுவே (2:12). இயேசுவிடம் கொண்டுவரப்பட்டு, சீடரால் அதட்டப்பட்ட பிள்ளைகளும் அவர்களே (18:15). எகிப்தில் உயிரோடிராதபடி வெளியே போடப்பட்ட பிள்ளைகளும் அவர்களே (அப். 7:19). இதனைக்கொண்டு கருவியலை நிறுவுதல் கூடாது. அச்சொல்லுக்கு அத்தகைய நுண்பொருள் இல்லை. ஆயினும் வயிற்றிலிருப்பதையும் தொட்டிலிலிருப்பதையும் தெருவிலெறியப்பட்டதையும் ஒரே சொல்லால் அழைக்க லூக்காவுக்குத் தயக்கமில்லை. கருவுக்காகப் பேசி, பிறந்த பெண்ணுக்காகப் பேசாதிருப்பவர் லூக்காவின் சொல்லை நடுவே முறிப்பவராவார்.

"ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண்" என்பது நம் பழமொழி. இக்கணக்கில் இரண்டாவது பெண்ணுக்கு இடமேயில்லை. அவள் ஆசைக்கும் மிகை, ஆஸ்திக்கும் கேடு. முதற்பெண் பிறந்த வீட்டில் இரண்டாவது கருவே பெரும்பாலும் ஆபத்துக்குள்ளாகின்றது. இக்கணக்கை எழுதியது வரதட்சிணை. செலோப்பியாத்தின் குமாரத்திகள் தந்தையின் சுதந்தரத்தைக் கேட்டபோது, அவர்கள் கேட்பது நியாயம் என்று இறைவன் தீர்ப்பளித்தார் (எண். 27). மகள் ஆஸ்திக்கு உரியவள் என்பது மறைநூலின் கூற்று. அதனை ஏற்பதாகக் கூறும் நாம், சீர்வரிசை பேசி முடித்த திருமணத்தை ஆலயத்தில் ஆசீர்வதித்து, அன்றே கர்ப்பத்தின் கனியைக் குறித்த சங்கீதத்தையும் வாசிக்கின்றோம். அச்சங்கீதத்தின் எபிரேயச் சொல் குமாரர் என்பது. தமிழில் பெயர்த்தோர் பிள்ளைகள் என்று பெயர்த்தனர் (127:3). தமிழில் விரிந்த அச்சொல்லை, சிங்கக்குட்டி பிறக்கவேண்டுமென்று வளைகாப்பில் வேண்டும் செபம் மீண்டும் குறுக்கிவிடுகின்றது.

6. மேய்ப்புப் பணிக்குரிய முடிவுகள்

முதலாவது, சட்டத்தை ஆயர் அறிந்திருக்கவேண்டும். 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், தாயின் உயிருக்கோ உடல்நலத்திற்கோ மனநலத்திற்கோ கடுங்கேடு நேருமிடத்தும், பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான குறைபாடு நேருமென்று அஞ்சுமிடத்தும் இசைவளிக்கின்றது; வன்கொடுமையால் உண்டான கர்ப்பத்தையும் அது கருதுகின்றது. 2021-ஆம் ஆண்டின் திருத்தம், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை இசைவளித்தது. வயதுவந்த பெண்ணின் இசைவே போதுமானது. கணவனின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. பெண் என்பதற்காகக் கருவைக் கலைக்கவோ எந்நிலையிலும் இசைவில்லை. சட்டம் இசையும் யாவும் அறமாகா. ஆயினும் சட்டத்தை அறியாது ஆலோசனை கூறும் ஆயர், கலங்கிய பெண்ணை மறைவிடத்துக் கைகளுக்கு அனுப்பிவிடக்கூடும்.

இரண்டாவது, வேறுபட்டவற்றை வேறுபடுத்திப் பேசவேண்டும். தாயின் உயிர் ஊசலாடும் நிலை, வன்கொடுமைக்கு ஆளான சிறுமியின் நிலை, பெண்மகள் வேண்டாம் என்ற முடிவு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் கண்டித்தல் நீதியாகாது. முதலிரண்டிலும் மறைநூல் நேரான விதி தரவில்லை. அங்கே இறைவன் முன்னிலையில் நடுக்கத்தோடு எடுக்கப்படும் முடிவுக்குத் துணைநிற்பதே ஆயரின் பணி. மூன்றாவதில் ஐயத்திற்கு இடமில்லை. நம் வட்டாரத்தில் முதன்மையாகப் பேசவேண்டியதும் அதுவே. ஆனால் நம் அருளுரைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதுதான்.

மூன்றாவது, சபை ஒழுங்கைச் சோதித்தறியவேண்டும். திருமணமாகாத பெண் கருவுற்றால் அவள் பெயர் சபைக்கு முன் வாசிக்கப்பட்டு, திருவிருந்தினின்று விலக்கப்படுதல் பல சபைகளில் வழக்கமாயிருந்தது; இன்றும் அற்றுப்போகவில்லை. ஆடவன் பெயர் வாசிக்கப்படுவதில்லை. வயிறு காட்டிக்கொடுப்பதால் அவள் அகப்பட்டாள். கருவைக் கலைத்திருந்தால் தப்பியிருப்பாள். கருக்கலைப்பைப் பாவம் என்று போதிக்கும் சபை, தன் ஒழுங்குமுறையால் அதற்குப் பரிசு வைப்பது பெருமுரண்பாடு. தாமார் கர்ப்பவதி என்று கேட்டவுடன் யூதா அவளைச் சுட்டெரிக்கச் சொன்னான், வயிற்றிலிருந்த பிள்ளையைப் பற்றி அவன் எண்ணவேயில்லை (ஆதி. 38:24). முத்திரை மோதிரமும் கோலும் வெளிவந்தபின்னரே அவள் தன்னிலும் நீதியுள்ளவள் என்றான். தாமாரின் பெயர் மத்தேயுவின் வம்ச அட்டவணையில் இடம்பெற்றது. அதே அதிகாரத்தில் யோசேப்பு, மரியாளை வெளிப்படையாக அவமானப்படுத்த மனதின்றி நிற்கின்றான். மறைநூல் அவனை நீதிமான் என்கின்றது. யூதாவின் நீதியா, யோசேப்பின் நீதியா என்பதை நம் சபைச் செயற்குழுக்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

7. முடிவுரை

கருக்கலைப்பைக் குறித்து மறைநூல் தனிவிதி ஒன்றும் எழுதிவைக்கவில்லை. உயிர் இறைவனுடையது என்று முழுமையாக அறிக்கையிடுகின்றது. அவ்வறிக்கையைக் கருவறைக்கு மட்டும் உரியதாக்கி, பேறுகால அறைக்கும் திருமணப் பந்தலுக்கும் சபை ஒழுங்குக்கும் பொருந்தாததுபோல் நடப்போமாயின், நாம் எடுத்தாளும் வசனங்களே நமக்கு எதிராகச் சாட்சி பகரும். ஆண்டுதோறும் பெண்குழந்தை ஞாயிறு கொண்டாடும் சபைகள் உண்டு, அது நன்று. அதனினும் நன்று, இரண்டாவது பெண்மகள் பிறந்த வீட்டுக்கு ஆயரும் சபை மூப்பரும் முதல் வாரத்திலேயே சென்று, ஆண்மகவுக்குச் செய்யும் அதே நன்றிச் செபத்தை அதே குரலில் ஏறெடுப்பது. கணக்கெடுப்பில் தெரிந்த குறையை நிரப்பும் பணி அவ்வீட்டு வாசலில் தொடங்குகின்றது.